தாத்தாவின் பிரயோக நோட்டில் மந்திரங்கள் பாதியில் நிற்கின்றனவே?

காவிரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் வீட்டுப் பரணில் தாத்தாவின் பிரயோக நோட்டு, அதாவது சடங்கு செய்முறைக் குறிப்பு, ஒன்று கிடைத்தது. தாத்தா கும்பகோணம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் வாத்தியாராக இருந்தவர். உபநயனம், கல்யாணம், சீமந்தம் எல்லாம் அவர்தான் நடத்தி வைப்பார். நான் பிறப்பதற்கு முன்பே காலமாகிவிட்டார். நோட்டு நீளவாக்கில் தைத்தது. மை பழுப்பாகிவிட்டது. கிரந்தமும் தமிழும் கலந்து எழுதியிருக்கிறார். ஆறு மாதமாகக் கிரந்தம் கற்றுக்கொள்கிறேன், அதனால் எழுத்துக் கூட்டிப் படிக்க முடிகிறது.

ஆனால் ஒரு மந்திரம்கூட அதில் முழுதாக இல்லை. விவாகப் பகுதியில் ஒரு பக்கத்தை அப்படியே தருகிறேன்:

கே ரத — தர்ப்பை, நுகம், வலது துளை, பொன், ஜலம்
க்ருப்ணாமி தே — கை
ஏகமிஷே — 7
ஆதிஷ்டேமம் — அம்மி, வலது கால்
இயம் நாரீ — பொரி, தம்பி?

கேள்விக்குறிகூட அவர் போட்டதுதான். "கே ரத" என்பதை முதலில் யாரோ ஒருவருடைய பெயர் என்றே நினைத்தேன். தாத்தா வேண்டுமென்றே மறைத்து எழுதினாரா? இல்லை, இது வேறொரு பெரிய நோட்டின் சுருக்கமா? முழு நோட்டு தொலைந்துபோயிருக்குமோ என்று நினைத்தால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கிரந்தப்பித்தன் எழுதியது:

கவலைப்படாதீர்கள் அம்மா. உங்கள் தாத்தாவின் நோட்டு முழுமையானதுதான். எதுவும் தொலையவில்லை.

அந்தக் காலத்து வாத்தியாருக்கு மந்திரம் நோட்டில் தேவையில்லை. சின்ன வயதில் பாடசாலையில் சந்தை சொல்லியிருப்பார். குரு ஒரு தடவை சொல்ல, பிள்ளைகள் இரண்டு தடவை திருப்பிச் சொல்வார்கள். வருஷக்கணக்கில் அப்படிச் சொன்ன மந்திரம் நாக்கை விட்டுப் போகாது. மறந்துபோகக்கூடியது வரிசைதான். எதற்கு அப்புறம் எது, எந்தப் பொருள், எத்தனை தடவை. நோட்டு அதற்குத்தான்.

மந்திரத்தின் முதல் சொல்லை மட்டும் குறிப்பதற்குப் 'பிரதீகம்' என்று பெயர். பெரிய யாகங்களின் முறையைச் சொல்லும் சிரௌத சூத்திரங்களே இப்படித்தான் எழுதப்பட்டிருக்கின்றன. தன் சாகையில், அதாவது தான் ஓதும் வேதக் கிளையில், உள்ள மந்திரம் என்றால் முதல் இரண்டு மூன்று சொற்களோடு நிறுத்திவிடுவார்கள். வேறு சாகையிலிருந்து எடுத்தது என்றால் முழுவதையும் கொடுப்பார்கள். தன் சாகையை மாணவன் ஏற்கெனவே அத்யயனம் செய்திருப்பான், மற்றவர்களுடையதைச் செய்திருக்க மாட்டான் என்பதுதான் காரணம்.

"கே ரத" என்பது "கே ரதஸ்ய கே அனஸ: கே யுகஸ்ய சதக்ரதோ" என்று தொடங்கும் மந்திரம். ரிக் வேதம் எட்டாம் மண்டலத்தில் அபாலாவின் சூக்தத்தில் வருவது. தோல் நோய் வந்த பெண் அபாலா. தண்ணீருக்குப் போகும் வழியில் சோமக்கொடி கிடைக்க, அதைத் தன் பல்லாலேயே நசுக்கிச் சாறெடுத்து இந்திரனுக்குக் கொடுக்கிறாள். இந்திரன் அவளைத் தேரின் துளை, வண்டியின் துளை, நுகத்தின் துளை மூன்றின் வழியாகவும் இழுத்து, சூரியனைப் போன்ற தோலைத் தருகிறான். கல்யாணத்தில் பெண்ணின் தலையில் தர்ப்பை வளையம் வைத்து, அதன் மேல் நுகத்தின் வலது துளையை வைத்து, துளையில் பொன் வைத்து ஜலம் விடுவது இந்த மந்திரத்தோடுதான். உங்கள் தாத்தா ஐந்தே சொல்லில் அத்தனையையும் எழுதிவிட்டார்.

காவிரிக்கரை எழுதியது:

ஐயா, இதைப் படித்துவிட்டு அந்தப் பக்கத்தைத் திரும்பவும் எடுத்துப் பார்த்தேன். இப்போது வேறு மாதிரி தெரிகிறது. ரொம்ப நன்றி.

இன்னொரு சந்தேகம். முழு மந்திரங்கள் எந்தப் புத்தகத்தில் இருக்கும்? வீட்டுச் சடங்குகளுக்கான ஆபஸ்தம்ப கிருஹ்ய சூத்திரம் வாங்கினேன். அதில் விவாகப் பகுதியில் மந்திரமே இல்லை. "அடுத்ததைக் கொண்டு செய்க" என்கிற மாதிரிதான் இருக்கிறது. எதற்கு அடுத்தது என்றே புரியவில்லை.

கிரந்தப்பித்தன் எழுதியது:

நல்ல இடத்தில் வந்து நின்றிருக்கிறீர்கள். ஆபஸ்தம்பரின் கல்ப சூத்திரம், அதாவது சடங்கு முறை நூல், மொத்தம் 30 பிரச்னம் (பகுதி). பெரும்பகுதி சிரௌதம், அதாவது மூன்று அக்னிகளை வைத்துச் செய்யும் பெரிய யாகங்கள். 27-வது பிரச்னம் கிருஹ்யம். அதற்கு நேர் முன்னால் இருக்கும் 25, 26 இரண்டும் 'மந்திரபாடம்'. ஏகாக்னி காண்டம் என்றும் சொல்வார்கள். வீட்டுச் சடங்குகளுக்கு வேண்டிய மந்திரங்கள் அங்கே சடங்கின் வரிசையிலேயே அடுக்கப்பட்டிருக்கின்றன. கிருஹ்ய சூத்திரத்தில் வரும் "உத்தரயா", "உத்தராபி:" எல்லாம் அந்த அடுக்கில் அடுத்து வரும் மந்திரத்தைக் காட்டுகின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தால்தான் படிக்க முடியும். ஒன்று மட்டும் கையில் இருந்தால் பூட்டு ஓரிடம், சாவி ஓரிடம்தான்.

மந்திரபாடத்தை விண்டர்நிட்ஸ் என்ற அறிஞர் 1897-ல் ஆக்ஸ்ஃபோர்டில் பதிப்பித்தார். கிருஹ்ய சூத்திரத்தை அதற்குப் பத்து வருஷம் முன்பே வியன்னாவில் பதிப்பித்திருந்தார். நம் பக்கத்தில் ஹரதத்தரின் உரையோடு கிடைக்கும் ஏகாக்னி காண்டத்தைத் தேடுங்கள். தைத்திரீய சாகைக்காரர்கள் வீட்டில் பழைய கிரந்த அச்சுப் பிரதி இருக்கவும் வாய்ப்பு உண்டு.

உங்கள் தாத்தாவின் ஐந்து வரியும் மந்திரபாடத்தின் வரிசையோடு ஒத்துப்போகிறது. "ஏகமிஷே — 7" என்பது சப்தபதி. முதல் அடி அன்னத்துக்கு, இரண்டாவது பலத்துக்கு, மூன்றாவது விரதத்துக்கு, நான்காவது சுகத்துக்கு, ஐந்தாவது பசுக்களுக்கு, ஆறாவது பருவங்களுக்கு, ஏழாவது ஏழு ஹோத்ரர்களுக்கு. அடிக்கு அடி "விஷ்ணு உன்னைத் தொடர்ந்து வரட்டும்" என்று சேரும். ஏழாவது அடியில் "ஸகா", தோழி என்று கூப்பிடுகிறான்.

நெல்லைச்சீமை எழுதியது:

பேசுவதெல்லாம் நன்றாக இருக்கிறது. ஆனால் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். என் தங்கை கல்யாணத்தில் வந்த வாத்தியார் கடகடவென்று சொல்லிக்கொண்டே போனார். "இதற்கு என்ன அர்த்தம்?" என்று மாப்பிள்ளை கேட்டதற்கு, "முகூர்த்தத்துக்கு நேரமாச்சு" என்றார். அபாலா கதையை இன்றுதான் முதல் தடவையாகக் கேட்கிறேன். அன்றைக்கே இரண்டு நிமிஷம் யாராவது சொல்லியிருந்தால் என் தங்கை அந்த நுகத்தை வேறு கண்ணால் பார்த்திருப்பாள்.

அர்த்தம் தெரியாமல் சொல்லும் மந்திரத்தால் என்ன பயன்? பிரதீகம், நோட்டு, நாக்கு எல்லாம் சரி. மனசு எங்கே?

மீமாம்சை மாணவி எழுதியது:

நெல்லைச்சீமை அண்ணா, இதே கேள்வியை நமக்கு ரொம்ப காலத்துக்கு முன்பே கேட்டிருக்கிறார்கள். வேதச் சொற்களுக்குப் பொருள் சொல்லும் நிருக்தம் என்ற நூலில் யாஸ்கர், கௌத்ஸர் என்பவரின் கட்சியைச் சொல்கிறார்: மந்திரங்களுக்கு அர்த்தம் கிடையாது. சொற்கள் மாறக்கூடாது, வரிசை மாறக்கூடாது, எந்த மந்திரம் எங்கே என்று பிராமண நூல்தான் (வேதத்தில் சடங்கை விளக்கும் பகுதி) சொல்கிறது, அப்புறம் அர்த்தத்துக்கு என்ன வேலை என்பது அவர் வாதம். யாஸ்கர் ஒத்துக்கொள்ளவில்லை. "குருடன் தூணைப் பார்க்கவில்லை என்றால் அது தூணின் குற்றமல்ல" என்கிறார். கௌத்ஸரின் வாதத்தை அவர் மறைக்காமல் தன் நூலிலேயே எடுத்து வைத்தார், அதனால்தான் இன்று நமக்குத் தெரிகிறது.

ஜைமினியும் இதை, வேத வாக்கியங்களுக்குப் பொருள் காணும் முறையைச் சொல்லும் மீமாம்சா சூத்திரத்தில் விரிவாக எடுத்துப் பேசுகிறார். முடிவு என்னவென்றால், மந்திரத்துக்கு அர்த்தம் உண்டு. அந்த அர்த்தத்தின் வேலை, அப்போது செய்ய வேண்டியதை நினைவூட்டுவது. 'ஸ்மாரகம்' என்பார்கள். காவிரிக்கரை அக்காவின் நோட்டைப் படித்தபோது எனக்கு இதுதான் தோன்றியது. மந்திரம் செயலை நினைவூட்டுகிறது. தாத்தாவின் நோட்டு மந்திரத்தை நினைவூட்டுகிறது.

ஆனால் அர்த்தம் மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிக்காது என்பதற்கும் ஒரு உதாரணம் வகுப்பில் முதலிலேயே சொல்லிக்கொடுப்பார்கள். "ஐந்த்ரியா கார்ஹபத்யம் உபதிஷ்டதே." இந்திரனைப் புகழும் ரிக்கால் கார்ஹபத்ய அக்னியை (யாகத்தின் மூன்று அக்னிகளில் ஒன்று) வழிபட வேண்டும் என்கிறது விதி. மந்திரத்தின் சொல்லைப் பார்த்தால் இந்திரன். விதியைப் பார்த்தால் அக்னி. எது ஜெயிக்கும்? விதிதான். நேரடியாகச் சொன்ன விதிக்கு 'சுருதி' என்று பெயர். மந்திரத்தின் சொல்லில் தெரியும் குறிப்புக்கு 'லிங்கம்' என்று பெயர். இரண்டும் மோதினால் சுருதிக்குத்தான் பலம். அதற்குக் கீழே வாக்கியம், பிரகரணம், ஸ்தானம், ஸமாக்யை என்று மொத்தம் ஆறு படிகள் வைத்திருக்கிறார்கள்.

"எந்த மந்திரத்தை எங்கே பயன்படுத்துவது" என்பதற்கு 'வினியோகம்' என்று பெயர். யஜுர் வேதம் அத்தனையும் இதன் மேல்தான் நிற்கிறது. கிருஷ்ண யஜுர் வேதத்தைச் சேர்ந்த தைத்திரீய சம்ஹிதையின் ஏழு காண்டங்களிலும், மந்திரமும் அதை விளக்கும் பிராமணப் பகுதியும் கலந்தே வரும். சுக்ல யஜுர் வேதத்தில் வாஜஸனேயி சம்ஹிதையின் 40 அத்தியாயமும் பெரும்பாலும் மந்திரம்தான். விளக்கம் தனியாகச் சதபத பிராமணத்தில் இருக்கிறது. நாம் தமிழ்நாட்டில் அதிகம் கேட்பது தைத்திரீயம்.

நெல்லைச்சீமை எழுதியது:

//மந்திரத்தின் வேலை, அப்போது செய்ய வேண்டியதை நினைவூட்டுவது//

இதை ஏற்றுக்கொள்கிறேன் தங்கச்சி. ஆனால் யாருக்கு நினைவூட்டுவது? சம்ஸ்கிருதம் தெரிந்த வாத்தியாருக்கு மட்டும்தானே? கை பிடிக்கிறவனுக்கும் பிடிக்கப்படுகிறவளுக்கும் அது போய்ச் சேர வேண்டாமா? "க்ருப்ணாமி தே" என்று சொல்வது மாப்பிள்ளைதான். "உன் கையைப் பிடிக்கிறேன்" என்று அவன் வாயால் வருகிறது. அவனுக்கே அது தெரியாமல் இருப்பது சரியில்லை.

மீமாம்சை மாணவி எழுதியது:

சரிதான் அண்ணா. இதில் உங்களோடு சண்டை போட என்னிடம் ஒன்றுமில்லை. அந்த மந்திரத்தின் அடுத்த பகுதி "நீ என்னோடு முதுமை அடையும்படி" என்று வரும். அதைச் சொல்கிறவனுக்குத் தமிழில் ஒரு தடவை சொல்லிக் கொடுத்தால் முகூர்த்தம் ஒன்றும் தவறிவிடாது.

பாலக்காட்டான் எழுதியது:

பேச்சு கல்யாணத்திலேயே நிற்கிறது. சிரௌதம் பற்றியும் கொஞ்சம் சொல்கிறேன், பிரதீகம் விஷயத்துக்கும் இது சேரும்.

1975 ஏப்ரலில் திருச்சூர் ஜில்லா பாஞ்ஞாளில் நம்பூதிரிகள் அதிராத்ரம் என்ற சோம யாகமும், செங்கல்லால் யாக மேடை அடுக்கும் அக்னிசயனமும் பன்னிரண்டு நாள் செய்தார்கள். ஃப்ரிட்ஸ் ஸ்டால் என்ற டச்சு அறிஞர் அதைப் பதிவு செய்து 1983-ல் 'அக்னி' என்று இரண்டு பெரிய தொகுதிகளாக வெளியிட்டார். என் அப்பா அதைப் பார்க்கப் போயிருந்தார். அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: அத்தனை நாளில் ஒருவர்கூட புத்தகத்தைத் திறக்கவில்லை. ஹோதாவுக்கு ரிக், அத்வர்யுவுக்கு யஜுஸ், உத்காதாவுக்கு சாமம், எல்லாம் வாயிலிருந்தே வந்தன. பிரம்மா என்ற நான்காவது ஆள் பெரும்பாலும் பேசாமல் உட்கார்ந்து தவறு நடக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். யாகத்துக்கு வாக்கு ஒரு வழி, மனசு ஒரு வழி என்று சாந்தோக்ய உபநிடதத்தில் இருக்கிறது. மனசின் வழியைப் பார்த்துக்கொள்வது பிரம்மாவின் வேலை. நெல்லைச்சீமை கேட்ட மனசு அங்கே தனி ஆசனம் போட்டு உட்கார்ந்திருக்கிறது!

அப்புறம், பாஞ்ஞாளில் ஆடு பலி கொடுக்கவில்லை. வெளியே எதிர்ப்பு எழுந்தது. ஆடுகளுக்குப் பதில் அரிசி மாவை வாழை இலையில் பொதிந்து வைத்தார்கள். "சாஸ்திரத்தை மாற்றிவிட்டார்கள்" என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. பிராமண நூலிலேயே ஒரு கதை இருக்கிறது. யாகத்துக்கு உரிய ஸாரம் முதலில் மனிதனிடம் இருந்தது, அங்கிருந்து குதிரைக்கு, மாட்டுக்கு, செம்மறிக்கு, வெள்ளாட்டுக்குப் போய், கடைசியில் பூமிக்குள் புகுந்தது. தோண்டிப் பார்த்தபோது அரிசியாகவும் பார்லியாகவும் கிடைத்தது. அதனால்தான் மாவில் செய்யும் புரோடாசத்தில் அத்தனை பசுக்களும் அடங்கியிருக்கின்றன என்கிறது. இதை எழுதியவர்கள் மாற்றத்துக்கு வழி வைத்துத்தான் எழுதியிருக்கிறார்கள்.

மீமாம்சை மாணவி எழுதியது:

பாலக்காட்டு மாமா சொன்னதோடு இதையும் சேர்க்கிறேன், எனக்கு மிகவும் பிடித்த இடம். சதபத பிராமணம் 11-வது காண்டத்தில் ஜனகர் யாக்ஞவல்கியரைக் கேட்கிறார்: "அக்னிஹோத்ரத்துக்கு என்ன வேண்டும்?" "பால்." "பால் இல்லையென்றால்?" "அரிசி, பார்லி." "அதுவும் இல்லையென்றால்?" "வேறு தானியம்." "அதுவும் இல்லையென்றால்?" "காட்டுச் செடிகள்." அப்புறம் மரத்தில் கிடைப்பது, அப்புறம் தண்ணீர். "தண்ணீரும் இல்லையென்றால்?" அப்போது யாக்ஞவல்கியர், "அன்று இங்கே எதுவுமே இருக்கவில்லை. ஆனாலும் ஹோமம் நடந்தது, சத்தியம் சிரத்தையில் ஹோமம் செய்யப்பட்டது" என்கிறார். ஜனகர் நூறு பசுக்களைக் கொடுக்கிறார்.

கணக்கு டீச்சர் எழுதியது:

அக்னிசயனம் பேச்சு வந்ததால் உள்ளே வந்தேன். பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். கல்ப சூத்திரத்தின் கடைசியில் வரும் சுல்ப சூத்திரத்தை நான் மந்திரத்துக்காகப் படிக்கவில்லை, கயிறுக்காகப் படித்தேன். சுல்பம் என்றால் கயிறுதான்.

முதலில் எளிமையான கேள்வி. கார்ஹபத்யம் வட்டம், ஆஹவனீயம் சதுரம், தக்ஷிணாக்னி அரைவட்டம். மூன்றுக்கும் பரப்பளவு ஒன்றாக இருக்க வேண்டும். உடனே வட்டத்தைச் சதுரமாக்கும் கணக்கு வந்துவிடுகிறது! யாரும் கணக்குக்காகக் கணக்குப் போடவில்லை, நெருப்புக்காகப் போட்டார்கள். போதாயனர், செவ்வகத்தின் மூலைவிட்டக் கயிறு உண்டாக்கும் பரப்பு, நீளமும் அகலமும் தனித்தனியே உண்டாக்கும் பரப்புகளின் கூட்டுக்குச் சமம் என்கிறார். 2-இன் வர்க்கமூலத்துக்கு வழி சொல்கிறார்: 1, அதோடு மூன்றில் ஒன்று, அதோடு அந்த மூன்றிலொன்றில் நான்கில் ஒன்று, அதிலிருந்து கடைசியாகச் சேர்த்ததில் 34-ல் ஒன்றைக் கழி. போட்டுப் பாருங்கள், 1.4142156 வரும். ஐந்து தசமத்தானம் சரியாக இருக்கும். என் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இதைப் பலகையில் போட்டுப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

பருந்து வடிவ சிதி, அதாவது செங்கல் மேடை, சொர்க்கம் விரும்புகிறவனுக்கு. ஐந்து அடுக்கு, அடுக்குக்கு 200 செங்கல், மொத்தம் 1000. பரப்பு ஏழரை சதுர புருஷம். புருஷம் என்பது ஒரு ஆள் கையை உயர்த்தி நிற்கும் உயரம். ஒரு அடுக்கின் இணைப்புக் கோடு மேல் அடுக்கின் இணைப்போடு நேராக வரக்கூடாது. கொத்தனார்கள் இன்றும் அப்படித்தான் கட்டுகிறார்கள். சதபதத்தில் வேறு கணக்கு: லோகம்ப்ருணா என்ற இடம் நிரப்பும் செங்கல்கள் 10,800. வருஷத்துக்கு 360 நாள், நாளுக்கு 30 முகூர்த்தம், பெருக்கினால் 10,800. சிதியே ஒரு வருஷம் என்று அந்த நூல் சொல்வதை எண்ணிக்கையிலேயே காட்டிவிட்டார்கள்.

காவிரிக்கரை எழுதியது:

டீச்சர், இதையெல்லாம் நான் எங்கேயும் படித்ததில்லை. தாத்தா நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு சதுரமும் அதன் குறுக்கே ஒரு கோடும் போட்டிருக்கிறார். கிறுக்கல் என்று நினைத்துப் புரட்டிவிட்டேன். திரும்பப் பார்க்கிறேன்.

சிவகங்கைக் குளம் எழுதியது:

எங்கள் குடும்பம் கோயிலில் பூஜை செய்கிற குடும்பம். ஒன்று மட்டும் தெளிவுபடுத்த நினைக்கிறேன், ஏனென்றால் நிறையப் பேர் குழப்பிக்கொள்கிறார்கள். கோயில் பூஜை நீங்கள் பேசும் கிருஹ்ய, சிரௌத சூத்திரத்தின்படி நடப்பதில்லை. சிவன் கோயில் என்றால் காமிகம், காரணம் போன்ற ஆகமங்கள். பெருமாள் கோயில் என்றால் பாஞ்சராத்ரம் அல்லது வைகானஸம். திருமலையில் வைகானஸம், ஸ்ரீரங்கத்தில் பாஞ்சராத்ரம்.

ஆனால் எங்களிடமும் இதே கதைதான். ஆகமத்தை எடுத்து வைத்துக்கொண்டு அப்படியே பூஜை செய்ய முடியாது. அதற்குப் 'பத்ததி' என்று கைநூல் வேண்டும். 12-ஆம் நூற்றாண்டில் அகோரசிவாசாரியார் எழுதிய கிரியாக்ரமத்யோதிகா இன்றும் சைவக் கோயில்களில் வழிகாட்டி. அதைக் கையில் வைத்திருப்பவருக்கும் முத்திரையை அப்பா கையைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. விரலை எப்படி மடக்குவது என்று ஆயிரம் சுலோகத்தில் எழுதினாலும் விரல் மடங்காது.

நெல்லைச்சீமை எழுதியது:

காவிரிக்கரை அக்கா, அந்தத் "தம்பி?" என்ற கேள்விக்குறிக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. எனக்கு அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

கிரந்தப்பித்தன் எழுதியது:

அட, ஆமாம், விட்டுவிட்டேன். பெண்ணின் கையில் பொரியைப் போடுவது யார் என்பதுதான் அங்கே விஷயம். ஆபஸ்தம்பர் முதலில் பொதுவாகச் சொல்லிவிட்டு, "உடன்பிறந்தவன் போடுகிறான் என்று சிலர்" என்று முடிக்கிறார். "இதி ஏகே." சூத்திரக்காரரே இரண்டு பக்கத்தையும் வைத்துவிட்டுப் போனார். நடைமுறையில் நம் பக்கம் பெண்ணின் சகோதரன்தான் போடுகிறான். உங்கள் தாத்தா சூத்திரத்தைக் கவனமாகப் படித்தவர் என்பதற்கு அந்தக் கேள்விக்குறியே சாட்சி. இப்படி இரண்டு வழி இருப்பது வேதத்திலேயே உண்டு. சூரியன் உதித்தபின் அக்னிஹோத்ரம் செய் என்று ஓரிடம், உதிக்கும் முன் செய் என்று ஓரிடம். மீமாம்சகர்கள் இதற்கு 'விகல்பம்' என்று பெயர் வைத்தார்கள். எதை எடுத்தாலும் சரி, எடுத்ததை மாற்றாமல் செய்ய வேண்டும்.

காவிரிக்கரை எழுதியது:

பத்து நாளாக எழுத முடியவில்லை, மன்னியுங்கள். இடையில் ஸ்ரீரங்கத்தில் இருக்கும் பெரிய அத்தையைப் பார்த்துவிட்டு வந்தேன். தாத்தாவின் மூத்த பெண். எண்பத்திரண்டு வயது. நோட்டை எடுத்துக்கொண்டு போனேன்.

அத்தைக்குக் கண் சரியாகத் தெரியாது. கிரந்தமும் படிக்கத் தெரியாது. நான் "ஆதிஷ்டேமம்" என்று படித்ததும், "பொரித் தட்டை எடுத்து வை" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேட்டேன். சின்ன வயதில் தாத்தாவோடு கல்யாண வீடுகளுக்குப் போவாளாம். பாட்டிதான் உள்ளே இருந்து சாமான்களை எடுத்துக் கொடுப்பவள். மந்திரம் கேட்டால் போதும், அடுத்து என்ன வேண்டும் என்று பாட்டிக்குத் தெரியும். "ஆதிஷ்டேமம்" என்று அம்மி மிதிக்கிற குரல் கேட்டால் பொரியும் நெய்யும் கிளம்ப வேண்டும். "ஏகமிஷே" கேட்டாலே அம்மியைத் துடைத்து வைக்க வேண்டும். பாட்டியிடமிருந்து அத்தைக்கு அப்படியே வந்திருக்கிறது. நோட்டில் இல்லாத எத்தனையோ விஷயம் அத்தையிடம் இருக்கிறது. பாலிகை தெளிப்பது, ஊஞ்சல், பச்சைப்பிடி சுற்றுவது எல்லாம் எந்த இடத்தில் என்று வரிசையாகச் சொன்னாள். தாலி கட்டும்போது தாத்தா குரலைக் கொஞ்சம் இறக்கிக்கொள்வார் என்றும் சொன்னாள். நோட்டில் அந்த இடத்தில் ஒரு கோடு மட்டும்தான் இருக்கிறது.

கிரந்தப்பித்தன் எழுதியது:

அம்மா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு எழுந்து போய்ப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன், நினைவு சரியா என்று. சரிதான். விவாகத்தைத் தொடங்கும் முன்பே ஆபஸ்தம்பர் ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்: "ஆவ்ருதச்ச ஆஸ்த்ரீப்ய: ப்ரதீயேரன்." செய்முறைகளைப் பெண்களிடமிருந்தும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அவருடைய தர்ம சூத்திரமும் இதே போல்தான் முடிகிறது. மிச்சமிருக்கும் தர்மங்களைப் பெண்களிடமிருந்தும் எல்லா வர்ணத்தாரிடமிருந்தும் கற்க வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள், என்று.

தாலி இடத்தில் கோடு மட்டும் இருப்பதற்கும் காரணம் இதுதான். "மாங்கல்யம் தந்துனானேன" மந்திரபாடத்தில் இல்லை. தாலி கட்டுவதும் சூத்திரத்தில் இல்லை. அது வீட்டு வழக்கத்திலிருந்து வந்தது. தாத்தா அதைப் பிரதீகமாக எழுதவில்லை, ஆனால் இடத்தை விட்டு வைத்திருக்கிறார்.

அத்தையிடம் இன்னொன்று கேட்டுப் பாருங்கள். ஹோமம் முடியும்போது தாத்தா "அநாஜ்ஞாதம்" என்று தொடங்குவாரா?

காவிரிக்கரை எழுதியது:

கேட்டேன் ஐயா. போனிலேயே கேட்டேன். நான் முதல் சொல்லைச் சொன்னதும் அத்தை மிச்சத்தைச் சொல்லிவிட்டாள். "த்வம் ஹி வேத்த யதாததம்" வரைக்கும். யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. "எல்லா ஹோமத்திலும் கடைசியில் சொல்வார், கேட்டுக் கேட்டு வந்துவிட்டது" என்றாள். அர்த்தம் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை.

மீமாம்சை மாணவி எழுதியது:

தைத்திரீய பிராமணத்தில் வருவது அக்கா. "தெரிந்தோ தெரியாமலோ யாகத்தில் தவறிச் செய்தது எதுவோ, அக்னியே, அதை நீ சரிசெய். எது எப்படி இருக்க வேண்டும் என்று உனக்குத் தெரியும்." அத்தைக்குத் தமிழிலேயே சொல்லுங்கள்.

காவிரிக்கரை எழுதியது:

சொன்னேன். "இத்தனை நாள் தெரியாமல் போச்சே" என்றாள். நெல்லைச்சீமை தம்பி, உங்கள் நினைப்பு வந்தது.

கடைசியாக ஒரு சந்தேகம். சீமந்தப் பக்கத்தில் இரண்டு சொல் இருக்கிறது: "வீணா — காவேரி". இதற்கு அத்தைக்கும் விடை தெரியவில்லை. இரண்டு பெண்களின் பெயரா?

கிரந்தப்பித்தன் எழுதியது:

பெயர்தான், ஆனால் ஒன்று வாத்தியம், மற்றது நதி. சீமந்தத்தில் வீணை வாசிப்பவர்கள் இருவரைப் பார்த்து "பாடுங்கள்" என்று சொல்லச் சொல்கிறது சூத்திரம். அதற்கு இரண்டு பாட்டு மந்திரபாடத்தில் உண்டு. ஒன்றில் யமுனையின் பெயரே இருக்கிறது, அது சால்வ நாட்டாருக்கு. மற்றதில் நதியின் பெயருக்கு இடம் காலியாக இருக்கும். "சோமனே எங்கள் அரசன் என்று பிரஜைகள் சொல்கிறார்கள், உன் கரையில் அமர்ந்து" என்கிற இடத்தில், அவரவர் எந்த நதிக்கரையில் வசிக்கிறார்களோ அந்த நதியின் பெயரைச் சேர்க்க வேண்டும். அதனால் உங்கள் ஊரில் காவேரி.

காவிரிக்கரை எழுதியது:

ஐயா, இப்போதுதான் அந்தப் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். "காவேரி"க்குக் கீழே பென்சிலில் மங்கலாக இன்னொரு சொல் இருக்கிறது. "தாமிரபரணி". தாத்தா எப்போதோ திருநெல்வேலிப் பக்கம் ஒரு சீமந்தத்துக்குப் போயிருக்க வேண்டும். அத்தையிடம் கேட்டு எழுதுகிறேன்.